தூரத்திலேயே கேட்கிற வண்டி

“அவங்க வண்டி தெருமுனை திரும்புறப்பத்தானுங்க்கா கேட்குது. இன்னும் கொஞ்சம் தூரத்திலேயே கேட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!”

இதைச் சொன்னது யாருங்கிறீங்க? எங்க வீட்டுக்காரி, கலாமணி. என்கிட்டச் சொல்லலை தம்பி, அதுதான் விஷயமே. பக்கத்து வீட்டு ருக்மணி அக்காகிட்டச் சொல்லிட்டிருந்தாள், காம்பவுண்டுச் சுவர் மேல கையை ஊன்றிக்கிட்டு. அன்னைக்கு எனக்கு கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு. வண்டியை ஒர்க்‌ஷாப்பில விட்டுட்டு நடந்து வந்தேன். கேட்டுக்கு வெளியே செம்பருத்திச் செடி மறைப்பு. நான் நிற்கிறது அவளுக்குத் தெரியாது. அந்த வார்த்தை அப்படியே காதில விழுந்துது.

ஒரு பொம்பளை புருஷன்கிட்ட நேர்ல சொல்றது வேற. அதில ஏதாவது காரியம் இருக்கும். அவன் இல்லாதப்ப அவனைப் பத்திச் சொல்றதுதான் மனசு. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழிச்சு எனக்கு அது கிடைச்சுது.

உட்காருங்க தம்பி, நிற்காதீங்க. கடைக்காரர் அன்வர் பாய் சாப்பிடப் போயிருக்கார், வந்துடுவார். அந்த டயரை இழுத்துப் போட்டு உட்காருங்க, சுத்தமாத்தான் இருக்கு. வெளியே நிற்கிற கறுப்பு குரூசர் பைக் உங்களுதுதானே? நல்ல வண்டி. கல்யாணத்துக்கு வாங்கினதா? அப்படித்தான் நினைச்சேன். மோதிரமே இன்னும் பளபளன்னு இருக்கே. சைலன்சர் மாத்தணுமா? எந்தக் குழாய், ஷார்ட் பாட்டிலா, லாங் பாட்டிலா? இன்னும் முடிவு பண்ணலையா? நல்லது. அவசரப்படாதீங்க. சைலன்சர் விஷயத்தில நான் பட்ட பாடு இந்த ஊர்ல யாரும் பட்டதில்லை. பாயே சொல்வார், “சென்னியப்பன் அண்ணனைக் கேட்டுட்டு வாங்குங்க”ன்னு.

வீட்டில என்ன சொல்றாங்க? தலைவலிக்குதுங்கிறாங்களா? ஹ்ம். சொல்லுவாங்க, சொல்லுவாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எதுவானாலும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுதுங்க. எங்க கலா இத்தனை வருஷத்தில ஒரு தடவைகூடத் தலைவலிக்குதுன்னு சொன்னதில்லை.

அன்னைக்கு நான் கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ளே போனேனா, திரும்பிப் பார்த்தவள் முகம் வெளுத்துப்போச்சு. கையில இருந்த துணி வாளி கீழே விழுந்து உருண்டுது. “வண்டி எங்கேங்க?” அதுதான் முதல் கேள்வி. “வண்டி எங்கேங்க, சத்தமே கேட்கலைங்களே?” ருக்மணி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் தலையை இறக்கிட்டாங்க. எனக்குச் சிரிப்பு. பாருங்க, நான் நடந்து வந்த களைப்பு அவளுக்குத் தெரியலை, வண்டி சத்தம் கேட்கலையேங்கிறதுதான் பெருசா இருக்கு. அவ்வளவு பழகிப்போச்சு அவள் காதுக்கு.

நான் நூல் ஏஜென்ட். மில்லுக்கும் தறிக்காரங்களுக்கும் நடுவில அலையுற தொழில். எப்ப வீட்டுக்கு வருவேன்னு எனக்கே தெரியாது. ஒரு நாள் பதினோரு மணிக்கு வந்து நிற்பேன், ஒரு நாள் நாலு மணிக்கு. போன் பண்ணிச் சொல்லிட்டு வர்ற பழக்கமெல்லாம் கிடையாது. எதுக்குச் சொல்லணும்? என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு முன்கூட்டியே சேதி அனுப்பணுமா? வீடுங்கிறது எந்த நேரத்தில வந்தாலும் வீடா இருக்கணும். எங்க வீடு அப்படித்தான் இருக்கும். தெருமுனையில வண்டி திரும்பும்போதே கலா கேட்டுக்கு வந்துடுவாள். வலது பக்கத்துக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிற்பாள். தண்ணிச் சொம்பு திண்டு மேல இருக்கும். இந்தக் காலத்தில எந்த வீட்டில தம்பி இது நடக்குது?

பையன் நாமக்கல்ல ஹாஸ்டல்ல படிக்கிறான். வீட்டில அவளும் நானும்தான்.

அதனால அன்னைக்கே முடிவு பண்ணினேன். தூரத்திலேயே கேட்கணும்னு ஆசைப்படுறாள். பதினாறு வருஷத்தில ஒண்ணும் கேட்காத பொம்பளை. நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இதையும் கேட்கலை, என் காதில விழுந்துது, அவ்வளவுதான். செஞ்சு கொடுப்போம்னு நேரா இந்தக் கடைக்குத்தான் வந்தேன்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. எல்லா சத்தமும் தூரம் போகாது. சின்னப் பசங்க மாட்டுறானுங்களே, பட்டாசு வெடிக்கிற மாதிரி, அது பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் எழுப்பும். நாலாவது வீட்டைத் தாண்டினா செத்துப்போயிடும். கனமான சத்தம்தான் போகும். கோயில்ல பம்பை அடிக்கிறாங்களே, ஊருக்கு வெளியே நின்னா பம்பை கேட்காது, கூட அடிக்கிற பெரிய தவில்தான் கேட்கும். அது மாதிரி. அதுக்குப் பைப் நீளமா இருக்கணும், வயிறு பெருசா இருக்கணும். இதெல்லாம் பாய் சொல்லலை, நானா மாத்தி மாத்திப் போட்டுக் கண்டுபிடிச்சது. நானா இல்லை... நானும் கலாவும்.

ஆமாங்க, அவளும்தான். அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கேன்.

வீட்டில போய், “உனக்காகச் சைலன்சர் மாத்தப்போறேன், எது தூரத்தில கேட்குதோ அதை வெச்சுக்கலாம்”னு சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம், “நான் கேட்டுச் சொல்றேனுங்க”ன்னாள். நான் மொட்டைமாடியில நின்னு கேளுன்னேன். அதுக்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “மாடியில நின்னா எல்லாமேதானுங்க கேட்கும். அது கணக்கில்லை. பின்சந்து முனையில டிரான்ஸ்பார்மர்கிட்ட நின்னு கேட்கிறேன். அங்கே கேட்டா வீட்டுக்குள்ள எந்த மூலையில இருந்தாலும் கேட்கும்.”

பத்தாவதோட நின்னவள் தம்பி. என்ன மூளை பாருங்க!

ஏற்பாடு இதுதான். நான் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கிளம்புவேன். அவள் டிரான்ஸ்பார்மர்கிட்ட நிற்பாள். சத்தம் காதில விழுந்த உடனே எனக்கு ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான். சட்டைப் பையில போன் அதிர்ந்தா அந்த இடத்தை நான் மனசில குறிச்சுக்குவேன்.

முதல் பைப் ஷார்ட் பாட்டில். நாலு ரோடு வந்த பிறகுதான் போன் அதிர்ந்துது. வீட்டுக்கு வந்தா கேட்டுக்கு உள்பக்கம் நிற்கிறாள், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நெத்தியெல்லாம் வேர்வை. முந்தானை தோள்ல நிற்கலை. “ஏன் புள்ள ஓடி வந்தே?”ன்னேன். “நீங்க வர்றப்ப நான் இங்கே இருக்கணுமில்லைங்களா?”ன்னாள். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாள். அப்புறம், “இது பத்தாதுங்க”ன்னாள்.

அடுத்த ஞாயிறு வேற ஒண்ணு. நாலு ரோட்டுக்கு முன்னாடியே, மில்லு தாண்டினதும் போன் வந்துது. வீட்டுக்கு வந்தா அப்பவும் மூச்சு வாங்குது, ஆனா முன்ன மாதிரி இல்லை. “இன்னும் கொஞ்சமுங்க”ன்னாள்.

மூணாவதுதான் லாங் பாட்டில். சேலத்தில ஒருத்தர் கையால செய்யுறார், பாய் சொல்லி வரவழைச்சது. ரயில்வே கேட்டுல கேட் போட்டிருந்துது, கூட்ஸ் போறதுக்கு நிற்கிறேன். கேட் திறந்ததும் கிளட்சை விட்டேன். தண்டவாளத்தைத் தாண்டலை, போன் அதிருது! நெஞ்சு மேல யாரோ கையை வெச்சுத் தட்டின மாதிரி இருந்துது எனக்கு. மெதுவாத்தான் வந்தேன். கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிற்கிறாள். முடி கலையலை. மூச்சு வாங்கலை. சொம்புகூடத் திண்டு மேல வந்தாச்சு.

“இது சரியா இருக்குதுங்க”ன்னாள். “இதையே வெச்சுக்கலாமுங்க.”

அந்த மூணு ஞாயித்துக்கிழமை மாதிரி எங்களுக்கு ஒரு காலம் இருந்ததில்லை தம்பி. ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், வாயே திறக்கலை. இதுக்கு, “நாளைக்கு எந்த பைப்புங்க, அது எப்படியிருக்கும்”னு அவளாக் கேட்டாள். புருஷனோட ஆசையில பங்கெடுத்துக்கிறதுன்னா அதுதான்.

அப்புறம் ஜன்னல். அதையும் சொல்லணும். லாங் பாட்டில் மாட்டினதிலிருந்து வீட்டில ஒரு ஜன்னலை மூட விடமாட்டாள். ஹால், அடுக்களை, மாடி அறை, பின்னாடி ஸ்டோர் ரூம் முதற்கொண்டு எல்லாம் திறந்தே இருக்கும். ஏசி போட்டாலும் திறந்திருக்கும். கொசு வருது, தூசி வருது, சாரல்ல கட்டில் நனையுது, ம்ஹூம். “காத்து வரட்டுமுங்க.” எனக்கா தெரியாது எதுக்குன்னு? அவ்வளவு தூரம் காது கொடுத்துக்கிட்டு இருந்தாள்.

அந்த வருஷம் அவள் உடம்புகூடக் கொஞ்சம் தேறிச்சு. ஒரே குறை, எப்பப் பார்த்தாலும் கையில தைல வாசம். தைலமும் டெட்டாலும் கலந்த ஒரு வாசம். “கை வலியா?”ன்னு கேட்டேன். “ஆமாங்க.” தினமும் கை வலி. டாக்டர்கிட்டப் போலாம்னா வேண்டாமுன்னுடுவாள். சிக்கனம்.

இந்த இடத்தில அவள் வீட்டுக் கதையைச் சொல்லிடணும், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது. அவளுக்கு ஒரு அக்கா, சுசீலான்னு. அவங்களும் இதே ஊர்தான். எங்க பின்சந்து வழியா நடந்தா, டிரான்ஸ்பார்மரைத் தாண்டி அடுத்த தெரு. எட்டு வருஷத்துக்கு முன்னால புது வீடு கட்டிக் குடிபோனாங்க. அப்பத்தான் நான் இந்த குரூசர் வாங்கியிருந்தேன். கழுவி, மாலை போட்டு, கலாவைப் பின்னாடி உட்கார வெச்சு, அவங்க வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன். அத்தனை பேரும் பார்க்கிறாங்க. சுசீலா புருஷன் வேலுச்சாமி வந்து சொல்றான், “சகல, வண்டியைச் சந்துல போடுங்க, தண்ணி லாரி உள்ளே வரணும்.” சந்துல! மாலை போட்ட வண்டியை! குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில!

எனக்குச் சண்டை போடவே தெரியாது. வண்டியைத் திருப்பினேன், கலாவைப் பார்த்தேன், அவள் ஏறி உட்கார்ந்தாள். சாப்பிடலை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். “இந்த வீடா, அந்த வீடான்னு வெச்சுக்கோ. இனி அந்த வாசப்படி மிதிச்சா இந்த வாசப்படி இல்லை.” சத்தம் போட்டுக்கூடச் சொல்லலை. அவள் சரிங்கன்னாள். அத்தோட முடிஞ்சுது. போன்ல பேசினாளான்னு அப்பப்ப எடுத்துப் பார்ப்பேன். அவள் பேசலை. பில்லு கட்டுறவன் பார்க்கிறதில தப்பில்லை.

மாமியார் அந்த அக்கா வீட்டிலதான் இருந்தாங்க. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால பக்கவாதம் வந்து படுத்துட்டாங்கன்னு சேதி வந்துது. நான் கலா முகத்தைப் பார்த்தேன். போகணும்னு கேட்பாளோன்னு. கேட்கலை தம்பி! பெத்த தாய் ரெண்டு தெரு தள்ளிப் படுத்துக் கிடக்கிறாங்க, ஒரு வார்த்தை கேட்கலை. அழுதாளான்னு கேட்டா அதுவும் இல்லை. புருஷன் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. எனக்கே கொஞ்சம் கஷ்டமா இருந்துது. கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனோ என்னமோ. கேட்கலையே.

அந்தச் சமயத்திலதான் ருக்மணி அக்காகிட்டப் பேசின பேச்சு. அடுத்தாப்பில சைலன்சர்.

சரி, அது நல்லாப் போயிட்டிருந்துது. போன ஆவணியில போலீஸ் பிடிச்சுட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி நிற்க வெச்சு, சத்தம் அளக்கிற மெஷினைக் குழாய் வாயில காட்டினாங்க. அளவுக்கு மேலயாம். அந்த இடத்திலேயே கழட்டிட்டாங்க. சட்டம்னா சட்டம்தான், நான் அவங்களைக் குறை சொல்லலை. அப்புறம் ஒரு நாள் மைதானத்தில பிடிச்ச சைலன்சரையெல்லாம் வரிசையாப் படுக்க வெச்சு ரோடு ரோலரை ஏத்தினாங்க. பத்திரிகைக்காரங்களெல்லாம் வந்திருந்தாங்க. என் லாங் பாட்டில் ஓரத்தில கிடந்துது. கடைசியாத்தான் நசுங்கிச்சு. நசுங்கும்போது ஒரு சத்தம் வந்துது பாருங்க. வேண்டாம், விடுங்க.

யாரோ எடுத்த வீடியோ ருக்மணி அக்கா போனுக்கு வந்து, அவங்க கலாகிட்டக் காட்டியிருக்காங்க. நான் வீட்டுக்கு வந்தா ஜன்னல்கிட்ட நின்னு அழுதுக்கிட்டிருக்கிறாள். தாய் படுத்தப்ப அழாதவள். ஒரு சைலன்சருக்கு அழுகிறாள்! “ஏ லூசு, இரும்புக் குழாய்க்குப் போயி...”ன்னு சொன்னேன். சொன்னேனே தவிர, உள்ளுக்குள்ள எனக்கு எப்படி இருந்துதுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியலை.

பழைய கம்பெனி சைலன்சரை மாட்டினேன். பாய் அதையும் சர்வீஸ் பண்ணிக் கொடுத்துட்டார். தெருமுனைகூட இல்லை, வாசலுக்கு வந்தாத்தான் கேட்கும். தையல் மெஷின் மாதிரி.

கலா கேட்டாள். நம்புவீங்களா, கலா என்கிட்டக் கேட்டாள். சாப்பாடு போட்டுக்கிட்டே, “ஏனுங்க, அந்த மாதிரி சத்தம் வர்றது வேற ஒண்ணு கிடைக்காதுங்களா?” இத்தனை வருஷத்தில அவள் வாய் திறந்து கேட்ட முதல் பொருள். நான் வாங்கியிருக்கலாம். பாய்கிட்ட ஒண்ணு இருந்துது, வாய்க்குள்ள டி.பி. கில்லர்னு சத்தத்தை அமுக்குற ஒரு சின்ன அடைப்பு வெச்சது. போலீஸ் இருக்கிற பக்கம் அடைப்போட போகலாம், நம்ம தெருவுக்கு வந்ததும் கழட்டிக்கலாம். ஆனா நான் உடனே வாங்கலை. ஏன்னா... நீங்களும் ஆம்பளை, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. இன்னொரு தடவை கேட்கட்டும்னு இருந்தேன். கேட்கிறது அவ்வளவு நல்லா இருந்துது. “பார்க்கலாம்”னேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கேட்டாள். இந்தத் தடவை பக்கத்தில வந்து நின்னு கேட்டாள். “தயவு செஞ்சுங்க”ன்னாள். நான், “போலீஸ் ஸ்டேஷன்ல என் பேர் ஏறிப்போச்சு, நாலு பேர் மதிக்கிற மனுசன், பார்க்கலாம் இரு”ன்னு சொல்லி வெச்சேன். தீபாவளிக்கு மாட்டி ஆச்சரியப்படுத்தலாம்னு ஒரு எண்ணம்.

அந்த ரெண்டு மாசமும் எந்த நேரத்தில வந்தாலும் அவள் ஹால் ஜன்னல்கிட்டத்தான் நின்னாள். பதினோரு மணிக்கு வந்தேன், நின்னுக்கிட்டிருந்தாள். மறுநாள் ஒரு மணிக்கு வந்தேன், நின்னுக்கிட்டிருந்தாள். ஒரு நாள் வேணும்னே வண்டியை முனையில நிறுத்திட்டு நடந்து வந்து பார்த்தேன், அப்பவும் அங்கேதான். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, பின்சந்துப் பக்கம் ஒரு பார்வை, தெருப் பக்கம் ஒரு பார்வை. சோறு இறங்கலை போல, இளைச்சுப்போனாள். தைல வாசம் போயிடுச்சு. கை வலி தீர்ந்துதுன்னு நான் சந்தோஷப்பட்டேன்.

தீபாவளிக்கு முன்னால மாமியார் போயிட்டாங்க.

வேலுச்சாமி ஆளனுப்பினான். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை தம்பி. சாவுக்குப் பகை ஏது? நானே அவளை வண்டியில உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். சுத்தித்தான் போனோம், நாலு ரோடு வழியா, ஊர் பார்க்கட்டும்னு. வண்டியைச் சந்துல போடச் சொல்லலை இந்தத் தடவை. வாசல்லயே போட்டேன்.

அங்கே ஒரு கிழவி உட்கார்ந்திருந்துது. கலாவைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டு, “ஏங்கண்ணு, ரெண்டு மாசமா உன்னைக் காணோமே, வாசலையே பார்த்துட்டுக் கிடந்தாளே உங்கம்மா”ங்குது. வயசானா கணக்கு போயிடும் பாருங்க. எட்டு வருஷத்தை ரெண்டு மாசம்ங்குது. கலா உள்ளே போனாள். அலமாரி மேல கையை விட்டுச் சீப்பை எடுத்தாள். யாரையும் எங்கே இருக்குன்னு கேட்கலை. எல்லா வீட்டிலயும் சீப்பு வைக்கிற இடம் ஒண்ணுதான் போல. அம்மா தலையை மடியில எடுத்து வெச்சு வாரினாள். சுசீலா அழுதுக்கிட்டே சொல்லுது, “நீ வந்து வாரினாத்தான் படியும்னு கடைசி வரைக்கும் என்னைத் தொட விடலையே கலா, சிக்கு விழுந்துபோச்சே கலா”ன்னு. சாவு வீட்டில பொம்பளைங்க என்னென்னமோ சொல்லித்தான் அழுவாங்க. அதையெல்லாம் காதில வாங்கக்கூடாது.

காரியமெல்லாம் முடிஞ்சுது. பதினாறாம் நாள் வரைக்கும் போய்வர விட்டேன். அதுக்கப்புறம் பழையபடி. “சாவு வேற, உறவு வேற”ன்னு சொன்னேன். சரிங்கன்னாள்.

ஆனா வீடு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேச்சு இல்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டை மட்டும் திறக்க வர்றதில்லை. நானே இறங்கித் திறந்துக்கிறேன். கோபம்னு சொல்ல முடியாது, கேட்டா, “ஒண்ணுமில்லைங்க”ங்கிறாள். தாய் போன துக்கம் இருக்கும்தான். யோசிச்சுப் பார்த்தேன். அவளுக்கு எது சந்தோஷம்? எதை வாய்விட்டுக் கேட்டாள்? உடனே கிளம்பி இங்கே வந்தேன். போன வாரம், அதோ அந்த ஆணியில தொங்குதே, அந்த மாடல்தான். வாய்க்குள்ள டி.பி. கில்லர். கழட்டினா லாங் பாட்டிலையே தூக்கிச் சாப்பிட்டுடும். போலீஸ் பிடிச்சாப் பிடிக்கட்டும்னு வாங்கினேன். அவள் ரெண்டு தடவை கேட்டது, நான் இழுத்தடிச்சது, அதெல்லாம் இதோட சரியாப்போயிடும்னு.

ஞாயித்துக்கிழமை காலையில, “கலா, பழையபடி பார்க்கலாமா?”ன்னேன். “டிரான்ஸ்பார்மர்கிட்ட நின்னுக்கோ.” அவள், “இங்கேயே இருக்கேனுங்க”ன்னாள். சரி, வீட்டிலேயே இரு, காதில விழுந்ததும் மிஸ்டு கால் கொடுன்னு சொல்லிட்டுப் போனேன்.

இப்ப நான் எதுக்கு வந்திருக்கேன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான். இதை மாத்திட்டு இன்னும் கனமா ஒண்ணு இருந்தா வாங்கிக்கலாம்னு. கோயம்புத்தூர்ல கிடைக்கும்னு பாய் சொல்றார். பாய் பைப்பில குறையில்லை. ஆனா தூரம் பத்தலை போலத் தோணுது.

ஏன்னா, ரயில்வே கேட்டுல அடைப்பைக் கழட்டிக் கிளப்பினேன். டீக்கடைக்காரன் கிளாஸைக் கீழே வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவு சத்தம். தண்டவாளம் தாண்டினேன். போன் அதிரலை. மில்லு வந்துது. அதிரலை. சிக்னல் இல்லையோன்னு ஓரமா நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இருக்கு. நாலு ரோட்டில நின்னு ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன், முறுக்கினேன், நாயெல்லாம் குலைக்குது. ஒண்ணும் வரலை. தெருமுனை திரும்பினேன். எங்க தெருவில எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. ருக்மணி அக்கா காதைப் பொத்திக்கிட்டு நிற்கிறாங்க. கேட்டு சாத்தியிருந்துது. இறங்கி நானே திறந்தேன்.

அவள் ஹால்ல உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தாள். போன் பக்கத்திலதான் இருந்துது.

“கேட்கலையா புள்ள?”ன்னேன்.

“கேட்டுச்சுங்க.”

“எங்கே வர்றப்பக் கேட்டுச்சு?”

“ரயில்வே கேட்டுல வர்றப்பவே கேட்டுச்சுங்க.”

“அப்புறம் ஏன் போன் பண்ணலை?”

அவள் மடிச்ச துணியைக் கட்டில் மேல வெச்சுட்டு எழுந்தாள். ஹால் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டாள். அடுக்களைக்குப் போய் அங்கேயும் சாத்தினாள். மாடிப்படி ஏறினாள், மேலே ஒவ்வொண்ணாத் தாழ் விழுற சத்தம் கேட்டுது. கடைசியா இறங்கி வந்து, பின்சந்தைப் பார்த்த ஸ்டோர் ரூம் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.